பாதியில் நின்றால் நஞ்சு

முத்தியால்பேட்டைத் தெருநலச் சங்கத்தின் தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் சம்பந்தி தணிகாசலம் அவர்களே, வெயிலில் வெந்தும் வாடாத பெரியோர்களே, உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்த தாய்மார்களே, பாராட்டுச் சால்வைக்குக் காத்திருக்கும் என் பேத்தி பூர்ணிமாவே, அனைவருக்கும் ஆதிலட்சுமியின் வணக்கம்.

எனக்கு முன் பேசிய தலைவர் என்ன சொன்னார்? "ஊரே ஒடம்புக் கொழுப்பைக் கொறைக்க ஓடுது, நம்ம மருமகப்பொண்ணு எலையில கொழுப்பு தேடுது. கல்யாணமானா ஆராய்ச்சியை அடுப்படியில பார்த்துக்கும்" என்றார். சிரித்தீர்கள். கொளஞ்சி, நீ ரெண்டு தரம் சிரிச்ச, பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.

சம்பந்தி, மறதி எனக்கு வராத வியாதி. உங்கள் மூத்தவன் கல்யாணப் பந்தியில் எங்கள் வரிசைக்கு மட்டும் அப்பளம் வரவில்லை. அதையே மறக்காதவள், தாம்பூலத் தட்டு மாற்றியபோது "பொண்ணு படிப்பை முடிக்கட்டும்" என்று நீங்கள் கொடுத்த வாக்கை மறப்பேனா?

பூர்ணிமா இலையில் தேடும் அந்தக் கொழுப்புக்கு ஸ்பிங்கோலிப்பிட் என்று பேர். இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத அறைகள், அறைக்கு அறை மெல்லிய சவ்வு, சவ்வுக்குள் இந்தக் கொழுப்பு. தண்ணீர் வற்றினால் இலையின் வாயை மூடச் சொல்வதில் அதற்குப் பங்கு. பூஞ்சை புகுந்தால், புகுந்த அறை தன்னை மாய்த்து மிச்ச இலையைக் காப்பதிலும் அதற்குப் பங்கு. கொழுப்பா அது? காவல்.

தக்காளிச் செடியில் ஒரு பூஞ்சை உண்டாம். கடிக்காது, கிழிக்காது. செடி இந்தக் கொழுப்பைச் செய்கையில் நடுவிலே ஒரு வேலையை மட்டும் தன் நஞ்சால் நிறுத்திவிடும். அரைகுறைச் சரக்கு சேர்ந்து சேர்ந்து, செடி தன் சரக்காலேயே கருகும். "முடிஞ்சா உசுரு, பாதியில நின்னா வெஷம், ஆயா" என்றாள் பூர்ணிமா.

கேட்டீர்களா தாய்மார்களே? பத்தாவதில் நிறுத்தப்பட்டவள் யார்? தையல் பழகுகையில் நிறுத்தப்பட்டவள் யார்? கன்னியம்மா, தலையைக் குனியாதே. குனிய வேண்டியவர்கள் மேடையில் இருக்கிறார்கள்.

"தேதி குறிச்சாச்சே" என்று தலைவர் முணுமுணுக்கிறார். படிப்பு முடியுமுன்னே கல்யாணத் தேதி குறித்தது நீங்கள், மாற்றப்போவதும் நீங்கள். முடியாதென்றால், இதோ நீங்கள் கொடுத்த தட்டு. வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒன்றும் குறையாமல் கொண்டுவந்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளலாம்.

என்ன மாப்பிள்ளை வெற்றிவேல், எழுந்துட்ட? காத்திருக்கிறேன் என்கிறாயா? மைக்குல சொல்லுப்பா, உங்கப்பாவுக்குக் கேக்கட்டும்.

கேட்டுவிட்டது. அப்படியானால் தட்டு என்னிடமே இருக்கட்டும். பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி, சிரித்தவர்களுக்கும் வணக்கம். அந்த அப்பளத்தை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை, சம்பந்தி.