பெயருக்குக் கீழே இரண்டு வரி

தமிழில் தட்டச்சு செய்ய எனக்குப் பொறுமை அதிகம். ஒரு பிழை தங்கிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. நீங்கள் கேட்டுக் கேட்டுக் கன்னடத்தில் எழுதிக்கொள்ள வேண்டியிருப்பதால் நிதானமாகவே சொல்கிறேன், சார். என் மனைவி நிம்மி வெளியே உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதைத் தவிர எனக்கு வேறு அவசரம் இல்லை.

என் பெயர் பெர்னார்ட். இங்கே மைசூரில், மண்டி மொஹல்லாவில் பத்துக் கட்டில் உள்ள ஒரு நர்சிங் ஹோமின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நிம்மி அங்கேயே நர்ஸ். யாராவது போனில் நோயைத் தட்டித் தேடினால் எங்கள் பக்கம் முதலில் வர வேண்டும். அதுதான் என் வேலை.

முன்பெல்லாம் இந்த வேலை வெறும் கூத்து. கீவேர்டு டேக் என்று பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலை உண்டு. உலகத்து நோய்களையெல்லாம் அதில் மூட்டை கட்டிப் போடுவார்கள். இப்போது தேடுபொறி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சரியான சொல் தலைப்பில் இருக்க வேண்டும். தேடும்போது பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இரண்டு வரி வருமே, அதைப் படித்ததும் விரல் தானாக அழுத்த வேண்டும். இரண்டே வரியில் முன்பின் தெரியாதவரை நம்பவைப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல.

மைசூர் ஆஸ்பத்திரிகள் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் முட்டி மோதிக்கொள்கின்றன. தமிழில் ஒருவரும் இல்லை. ஆனால் நூறு கிலோமீட்டர் தள்ளி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம் ராமாபுரம், கோபிநத்தம் என்று தமிழ் பேசும் ஊர்கள் இருக்கின்றன. அவர்கள் என்ன தேடுகிறார்கள் என்று பட்டியல் எடுத்தேன். சர்க்கரை, மூட்டுவலி, பாம்புக்கடி. மூன்றாவதற்குத் தமிழில் ஒரு பக்கம்கூடக் கிடையாது. காலி இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

'பாம்புக்கடிக்கு மைசூரில் உடனடி சிகிச்சை. விஷமுறிவு ஊசி எப்போதும் தயார், நேராக வாருங்கள்.' இவ்வளவுதான் எழுதினேன். ஐந்து வாரத்தில் முதலிடம். ஒரு சொல்லுக்குக் கூட்டம் வந்தால் மற்ற சொற்களும் கூடவே மேலே ஏறும். நர்சிங் ஹோமை நடத்தும் டாக்டருக்குத் தமிழ் படிக்க வராது. எண்ணிக்கையைக் காட்டினேன், முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நிம்மிக்குப் படிக்க வரும்.

"ஏங்க, அந்தப் பாம்பு மேட்டர எடுத்துடுங்க. நம்மகிட்ட அந்த ஊசியே இல்ல. சும்னே எதுக்குப் போடறீங்க?" என்றாள்.

"அவ்ளோ தூரத்துலேர்ந்து யாரு வரப்போறா? தேடறாங்க, பாக்கறாங்க, அவ்ளோதான்," என்றேன்.

மூன்று முறை கேட்டாள். மூன்றாம் முறை அழுதேவிட்டாள். முதலிடத்தில் இருக்கும் பக்கத்தில் கைவைத்தால் சரிந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினேன். என்மேல் அவளுக்குக் கோபம், எனக்கு அவள்மேல் இல்லை.

பதினொரு நாள் முன்பு ராமாபுரத்திலிருந்து மாரிசாமி என்பவர் தன் மகளைக் காரில் கொண்டுவந்தார். பெயர் ஜோதிமணி, பத்தொன்பது வயது. காலையில் சோளக்காட்டில் கடித்திருக்கிறது. நிம்மி வாசலிலேயே மருந்து இல்லை என்று சொல்லி, ஓடிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். மாரிசாமி போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறார்.

"ஏனுங்க, ஊசி இருக்குதுன்னு இதுல போட்டிருக்குதுங்களே. இதப் பாத்துப்போட்டுத்தானுங்க வழியில கொள்ளேகால் ஆஸ்பத்திரியில நிக்காம வந்தோம்."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அந்தப் பெண் இறந்துவிட்டாள். எனக்கு வருத்தம்தான். நிம்மி மருந்தை வைத்துக்கொண்டே இல்லை என்றாள் என மாரிசாமி புகார் கொடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் எழுதியதை அவர் அப்படியே நம்பினார். என் வரியை அந்த அளவுக்கு இதுவரை யாரும் நம்பியதில்லை.

இத்தனை நாளும் நான் வாய் திறக்கவில்லை. உண்மை தெரிந்தால் பக்கத்தை முடக்கிவிடுவீர்களே என்று இருந்தேன். நிம்மியைக் கைது செய்யப் போகிறார்கள், இனி எங்கேயும் அவள் நர்ஸ் வேலை பார்க்க முடியாது என்று இன்று காலைதான் தெரிந்தது. எழுதிக்கொள்ளுங்கள், சார். ஊசி இல்லை என்று தெரிந்தே, இருக்கிறது என்று எழுதியவன் நான். எடு எடு என்று கெஞ்சியவள் அவள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அந்த வரியை எப்போது எடுத்தாய் என்று கேட்கிறீர்கள். அன்று மாலையே எடுத்துவிட்டேன். நான் கல்நெஞ்சக்காரன் அல்ல.

ஆனால் எடுத்த இடம் காலியாகக் கிடந்தது. இரண்டு நாளில் செய்தியில் அந்தப் பெண்ணின் பெயர் வந்துவிட்டது. ஹனூர் பக்கம் நிறையப் பேர் அந்தப் பெயரையே போட்டுத் தேட ஆரம்பித்தார்கள். அப்படித் தேடி வருகிறவர்கள் ஒன்றும் கிடைக்காமல் திரும்புவது முறையில்லை. தலைப்பில் 'ஜோதிமணி, ராமாபுரம்' என்று சேர்த்தேன். கீழே இரண்டு வரியில் ஓர் இரங்கல், பிறகு எங்கள் போன் நம்பர். உங்கள் போனில் அவள் பெயரைத் தட்டிப் பாருங்கள், சார், நாங்கள்தான் முதலில் வருவோம்.