விசாரிக்க வந்தவர்கள்

சிறு வியாபாரத்தில் முதல் ஆளை வேலைக்கு வைப்பதுதான் சிரமம். இரண்டாவது ஆளுக்கு முதல் ஆளே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடும். நான் இரண்டாவது ஆள் வரை போகவில்லை.

தமிழ்மதி என்னிடம் எப்படி வேலைக்கு வந்தாள் என்று எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். ஒரு பக்கம் போதும் என்றீர்கள். கொஞ்சம் கூடப் போகும்.

நானும் என் மனைவி மாலதியும் திண்டுக்கல்லில் ஒரு மாடி வீட்டில் இருந்தபடி சின்னாளபட்டிச் சேலைகளை வாட்ஸப்பில் விற்றுக்கொண்டிருந்தோம். மொட்டை மாடிக் கொடியில் சேலையை விரித்துப் படம் எடுப்போம். பின்னால் மலைக்கோட்டை விழும். படம் எடுப்பதும் பார்சல் கட்டுவதும் நான். வாங்குகிறவர்களோடு பேசுவது மாலதி. அவர்களுக்குக் கடையின் பெயர் நினைவிருக்காது. மாலதியிடம் வாங்கினேன் என்றுதான் சொல்வார்கள்.

போனதற்கு முந்தைய தீபாவளிக்கு ஆர்டர் கூடிவிட்டது. ஓர் ஆள் வைத்துக்கொள்வோம் என்று மாலதி ஆவணியிலேயே கேட்டாள். வெளி ஆளை வீட்டுக்குள் விடுவானேன், நாமே சமாளிக்கலாம் என்றேன். ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, போனும் கையுமாக நான்கு நாள் படுத்திருந்தாள். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். ஏழாம் நாள் அவள் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவளுடைய போனைத் திறந்தேன். கேள்விகள் அப்படியே கிடந்தன. அவள் இறந்துவிட்டாள் என்று அவர்களுக்கு எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. ஆள் தேவை என்று மட்டும் ஒரு விளம்பரம் போட்டேன்.

சின்னாளபட்டியிலிருந்து தமிழ்மதி வந்தாள். பி.காம். முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பா வேலுமணி தறி நெய்கிறவர் என்பதால் சேலையைத் தொட்டுப் பார்த்தே நூல் எப்படி என்று சொல்லிவிடுவாள். நான் பார்சலில் டேப் ஒட்டுகிற லட்சணத்தை முதல் நாளே பார்த்துவிட்டு, "ஏண்ணே, எம்புட்டுப் படிச்சிருக்கீங்க, இத மட்டும் சொல்லித்தரலயாக்கும்" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

மாலதியின் போனை அவளிடம் கொடுத்தேன். அதில் மாலதியின் படம்தான் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து கண்ணம்மாள் என்ற ஓய்வுபெற்ற டீச்சர், 'காய்ச்சல் தேவலையா மாலதி?' என்று ஐந்து முறை கேட்டிருந்தார். தமிழ்மதி என் முகத்தைப் பார்த்தாள். அவளாகவே தட்டி அனுப்பினாள்: 'சரியாயிருச்சு டீச்சர். சேலைய நாளைக்கு அனுப்பிருவேன்.'

போனை வாங்கி அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று மத்தியானம் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் மாலதியாகவே பதில் போட்டாள். பழைய செய்திகளை எல்லாம் தேடிப் படித்து, மாலதி யாரை அக்கா என்பாள், யாரை அம்மா என்பாள், எந்த இடத்தில் கேலி செய்வாள் என்று பழகிக்கொண்டாள். நான் பக்கத்து அறையில் பார்சல் கட்டுவேன். அவள் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். எனக்கு அது போதும். அவள்மேல் எனக்கு வேறு எண்ணம் இருந்ததில்லை. இதை நீங்கள் நம்பலாம். அவள் போய்விட்டால் அந்தப் போனில் யார் இருப்பார்கள் என்பது மட்டும்தான் என் கவலை.

வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். அவளுக்கும் ஆசை இருந்தது, மறைக்க மாட்டாள். புதிதாக வந்த அரக்குச் சேலை ஒன்றை எடுத்து அலமாரியில் தனியாக வைத்து, "இதப் படம் எடுக்காதீங்கண்ணே, விக்கிறதுக்கில்ல. எனக்குப் பூ வைக்கிற அன்னைக்குக் கட்டுறதுக்கு" என்றாள். சரி என்றேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெண்ணைப் பிடித்துப் போனால், நிச்சயம் செய்வதற்கு முன் அவள் வேலை பார்க்கிற இடத்துக்கு ஒரு நடை வருவார்கள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்து முதலாளியிடம் விசாரிப்பார்கள். அவர் சொல்வதற்கு ஜாதகத்தைவிட மதிப்பு அதிகம்.

முதலில் நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. காப்பி கொடுத்தேன். "ஏனுங்க தம்பி, புள்ள எப்படிங்க?" என்று அந்தம்மா கேட்டார். தங்கமான பெண் என்றேன். "எம் பொண்டாட்டி போனதுல இருந்து இந்த வீட்டையே அதுதான் பாத்துக்குது. மத்தியானம் அது சோறு போட்டாத்தான் நான் சாப்பிடுறேன்" என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. நான் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்து அவளாகவே ஓர் ஆழாக்கு அரிசி உலையில் போடுவாள். அந்தம்மா கணவரைப் பார்த்தார். இருவரும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். படிக்கட்டு வரை போய் வழியனுப்பினேன்.

தை மாதம் நிலக்கோட்டையிலிருந்து இன்னொரு மாப்பிள்ளையின் மாமன்மார் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களிடமும் அதையேதான் சொன்னேன். அந்தப் பிள்ளை இல்லையென்றால் நான் இந்நேரம் உயிரோடு இருந்திருக்க மாட்டேன் என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். அதுவும் உண்மை.

இரண்டு வீட்டாரும் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். "நீங்க நல்லாத்தான் சொல்லியிருப்பீங்க. எனக்குத்தான் நேரம் சரியில்லண்ணே" என்றாள் தமிழ்மதி. இதற்குள் சின்னாளபட்டியில் பேச்சு கிளம்பியிருந்தது. பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி, "என்னடி, முதலாளியம்மா இன்னைக்கு லேட்டு?" என்று கேட்டதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரிப்பு சரியாக வரவில்லை. யார் கேட்டது என்று நான் விசாரிக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர் அழகுராஜா. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் சூப்பர்வைசர். ஒரு கல்யாண வீட்டில் பார்த்து இரண்டு பேருக்கும் பிடித்துப் போனது. அவரிடம் நல்லபடியாகப் பேசி அனுப்பினேன் என்று முந்தாநாள் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்த வேண்டும்.

அவர் வந்து போன நான்காம் நாள் அந்த இடமும் விட்டுப்போனது. இந்த முறை காரணத்தையும் சொல்லிவிட்டார்கள். தமிழ்மதியை அவள் அம்மா காளியம்மாள் அடித்திருக்கிறார். இனி வேலைக்குப் போகக் கூடாது என்றிருக்கிறார்கள். போனை ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சி, புதன்கிழமை ஒரு நாள் மட்டும் வந்தாள். யாருக்கு எந்தச் சேலை அனுப்ப வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்தாள். கன்னம் வீங்கியிருந்தது. கிளம்பும்போது கேட்டாள்.

"அண்ணே, ஒருவாட்டி எங்க வீட்டுக்கு வந்து அப்பாகிட்டப் பேசுறீங்களா? நீங்க சொன்னா நம்புவாங்க."

சனிக்கிழமை வருகிறேன் என்றேன். சனிக்கிழமை போகவில்லை. ஞாயிறு காலையில் அவளைத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

அவள் எழுதி வைத்திருந்ததை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். 'அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்ல. அவர யாரும் தொந்தரவு பண்ணாதீங்க.' என்மேல் சந்தேகமில்லை என்று வேலுமணியும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஸ்டேஷன் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களே பொண்டாட்டியப் பறிகொடுத்துட்டு நிக்கிறீங்க தம்பி. உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்" என்றார். நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னீர்கள்.

போடுகிறேன். அதற்கு முன் அழகுராஜா வந்த அன்று நடந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தனியாக வந்தார். அவர் வருவது தெரிந்து தமிழ்மதி சேலைகளை எடுக்கிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய்விட்டிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, ஊர்ல ஒரு மாதிரியாப் பேசுறாங்க. நான் நம்பல. ஒண்ணுமில்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். எங்க வீட்ட நான் சமாளிச்சுக்கிறேன்."

நல்ல மனிதர். கேட்டுவிட்டு என் கண்ணைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தைதான் கேட்டார். அதைச் சொல்லியிருந்தால் வருகிற வைகாசியில் கல்யாணம் முடிந்து அவள் வேடசந்தூர் போயிருப்பாள்.

நான் அவர் தோளில் கை வைத்தேன். "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க தம்பி. இனிமே அந்தப் புள்ள உங்களுக்கு உண்மையா இருக்கும்" என்றேன்.

பழசு என்று எதுவும் இருந்ததில்லை, மேடம். ஒன்றரை வருஷத்தில் என் விரல்கூட அவள்மேல் பட்டதில்லை.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். அவருடைய பைக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டதும் தமிழ்மதி கை நிறையச் சேலைகளோடு இறங்கி வந்தாள்.

"என்னண்ணே கேட்டாரு?"

"நல்ல பையன்" என்றேன். "கோயம்புத்தூர் டீச்சர் ரெண்டு தடவ மெசேஜ் அனுப்பிட்டாங்க. மொதல்ல அவங்களுக்குப் பதில் போடு."