அரை நாளில் எடுத்த பாலிமர்

ஹலோ... ஆமா, சௌந்தரபாண்டியன்தான். சொல்லு முத்துப்பிரியா... உன் நேர்மைக்கு வெல கிடையாதா? இருக்கே, மாசம் பதினெட்டாயிரம். ஒண்ணாந்தேதி எண்ணித்தான வாங்குற?

ஆமா... ஆமா, லேப்புல தண்ணிக்குள்ள தொங்குன பையை நான்தான் எடுக்கச் சொன்னேன்... டயாலிசிஸா? அது கிட்னி கெட்டவனுக்குச் செய்றது. மாவுச்சத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் கல்யாணம் முடிச்சு வச்ச, ஏலக்காய்க்குப் பூசுற பாலிமருக்கு என்னத்துக்கு?... மூணு நாளு தண்ணி மாத்தணுமா? அரை நாள் ஊறுச்சுல்ல, போதும்.

போன தடவ ஒரு கிலோ போட்டோம். நீ கழுவிக் காயவச்சு அறுநூறு கிராம் கொண்டாந்த. மிச்சம் எங்க?... அழுக்கா? அழுக்குக்கு எடை இல்லியா? ஏலக்காய்ல தூசிய ஊதிட்டா விக்கிறோம்?

ம்... அந்த அழுக்குதான் பாலிமர்ல சேராம மிஞ்சுன கெமிக்கலா... ம்... நரம்பைத் தின்னுமா? யாரு நரம்பை? தோலுலதான பூசுறோம், திங்கிறது விதைய... டீயில தோலோட தட்டிப் போடுவாங்களா? குடிக்கிறவன் போடியிலயா இருக்கான்?

பூசியாச்சு. ஐநூறு கிலோ, இன்னிக்குத்தான் செடியில பறிச்ச மாதிரி பச்சையா நிக்குது. லாரி தயார். 'சுத்திகரித்தது'ன்னு உன் கையெழுத்து ஒண்ணுதான் வேணும்... மாட்டியா? சரி. உன் டிகிரி சர்டிபிகேட்டு என் பீரோவுலயே இருக்கட்டும்... அட, அழாத. உங்கப்பா மலைச்சாமி குரங்கணிக்கு ஓட்டுற ஜீப்பு யாருது?... இல்ல, சும்மா கேட்டேன். அம்பத்தெட்டு வயசு. இனி எவன் வண்டியக் குடுப்பான்?... இந்தா, பக்கத்துலதான் மூட்டை ஏத்திக்கிட்டு நிக்கிறாரு. நீயே கேக்குறியா? போனக் குடுக்கவா?... வேணாமா?

ம்... சத்தமாச் சொல்லு, லாரி இரைச்சல்... போடுறியா?... இன்னொரு தடவ சொல்லு.

நல்ல புள்ள! ஆனா சிலமலையில இருந்து பஸ்சு ஏறி வெரசா ஓடியாரணும்னு இல்ல. காலையிலயே உன் கையெழுத்த நானே போட்டுட்டேன். அச்சு அசலா இருக்கு... அப்புறம் எதுக்குக் கேட்டேனா? நான் மட்டும் தப்புப் பண்ணியிருந்தா, நீ எவன்ட்டயாச்சும் போய்ச் சொல்லுவியோன்னு எனக்கு உறக்கம் வராது. இப்ப நீயும் உன் வாயால சம்மதிச்சுட்ட. என் பக்கம் ஒண்ணு, உன் பக்கம் ஒண்ணு. கணக்கு நேர். வச்சிரு போனை.