கண் போகும் பக்கம்

இந்த அறையில் மேலேயிருந்து ஒற்றை பல்பு தொங்கும், யாராவது மேசையை ஓங்கித் தட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். நீங்கள் ட்யூப்லைட் போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தீர்கள். என் மகன் இருந்திருந்தால், "பாத்தியாப்பா, படத்துல காட்டுறதெல்லாம் ரீலு" என்று சிரித்திருப்பான்.

அவன் அந்த மாதிரிப் பிள்ளை. படம் பார்க்க உட்கார்ந்தால் நாங்கள் கதையைப் பார்ப்போம், அவன் வேறு எதையோ பார்ப்பான். சாப்பிடும்போது எடுத்துவிடுவான். குண்டு பட்டவன் அப்படிப் பின்னால் பறந்து போய் விழ மாட்டானாம். கறுப்பு வெள்ளைப் படங்களில் ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு ஊற்றுவார்களாம், யாருக்கும் தெரியாதாம். "சோத்துல கைய வெச்சுக்கிட்டு என்ன பேச்சுடா இது" என்று அவன் அம்மா திட்டுவாள். எனக்கு அவன் பேச்சு என்றால் உயிர். கடைக்கு முடி வெட்ட வருபவர்களிடம் அதையெல்லாம் என் சொந்தச் சரக்கு மாதிரி அளந்துவிடுவேன்.

கண் விஷயமும் அவன் சொன்னதுதான். ஏதோ போலீஸ் படம் ஓடிக்கொண்டிருந்தது. "பொய் சொல்றவன் கண்ணு ஒரு செகண்ட் வலது பக்கம் மேல போகும்ப்பா, கவனி" என்றான். யாருடைய வலது என்று கேட்டேன். "நம்ம வலதுதான். நேருக்கு நேர் பாக்குறோம்ல." கவனித்தேன். அப்படியேதான் போனது.

பாலத்து வளைவில் அவன் பைக்கை ஒரு வண்டி இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது உங்களுக்குத் தெரியும். அந்த வழக்கு இதே கட்டடத்தில்தான் எங்கேயோ தூங்குகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. பார்த்த ஆள் இல்லை, நீங்களும் எத்தனை பேரைத்தான் தேடிப் போவீர்கள். எனக்கு அந்தச் சிரமம் கிடையாது. ஊரில் பாதிப் பேர் தாங்களாகவே வந்து என் நாற்காலியில் உட்காருகிறார்கள். கழுத்தில் துணியைக் கட்டிவிட்டால் எழுந்து போக மாட்டார்கள். முகம் முழுக்க எதிரே கண்ணாடியில் தெரியும். "பாலத்து வளைவுப் பக்கம் வண்டி ஓட்டியிருக்கீங்களா?" என்று பேச்சுவாக்கில் கேட்டுவிட்டுக் கண்ணாடியில் கண்ணைப் பார்ப்பேன்.

என் மைத்துனனைக்கூட விடவில்லை. என் மனைவியின் தம்பி, சொந்தமாக வேன் ஓட்டுகிறான். "என்ன மாமா, என்னையேவா கேக்குறீங்க?" என்றான். கண் இடப்பக்கம் போனது. எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. அன்றைக்கு அவன் தலைக்கு எண்ணெய் வைத்து நிதானமாகத் தேய்த்துவிட்டேன்.

தண்ணீர் லாரி டிரைவர் வந்தது நேற்றுக் காலையில். நல்ல வெயில், கடையில் வேறு ஆள் இல்லை. சவரம் பாதி ஆகியிருந்தது. கேட்டேன். "இல்லண்ணே, அந்தப் பக்கம் நமக்கு லோடே கிடையாது" என்றார். கண் வலப்பக்கம் மேலே போனது. அந்த மூலையில் டிவி ஓடிக்கொண்டிருந்ததே என்று உங்கள் பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார். ஓடியது. ஆனால் நான் கேட்ட நேரம் பார்த்து எதற்காக அதைப் பார்க்க வேண்டும்? மறுபடி கேட்டேன். மறுபடியும் பார்த்தார். கத்தி ஏற்கெனவே தாடைக்குக் கீழேதான் இருந்தது. கையை அதிகம் நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

படத்தில் கழுத்து அறுபட்டவர்கள் பொத்திக்கொண்டு அப்படியே சரிந்துவிடுவார்கள். இவர் சரியவில்லை. கட்டிய துணியோடு எழுந்து நின்று, என் பக்கம் திரும்பி, என்னவோ கேட்க வந்தார். வாய் வழியாக வர வேண்டிய காற்று கழுத்து வழியாக வந்தது. தோளைப் பிடித்து உட்கார வைத்து, தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இன்னொரு முறை ஆழமாக இழுத்தேன். கால்கள் வெகுநேரம் உதறின. ரத்தம் கண்ணாடியின் உச்சிவரை தெறித்திருந்தது. பாகு இவ்வளவு தூரம் போகாது, பையனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பிறகு உட்கார்ந்து அழுதேன்.

வேலை முடிந்தால் கண்ணாடியைத் துடைத்துவிடுவது என் வழக்கம். துடைக்கும்போது பின்சுவர்க் காலண்டர் அதில் தெரிந்தது, எழுத்தெல்லாம் இடவலம் மாறி. தினமும் பார்ப்பதுதான். நேருக்கு நேர் நிற்பவரின் இடக்கை என் வலப்பக்கம் இருக்கும். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவருக்கோ, வலக்கைதான் கண்ணாடியிலும் என் வலப்பக்கம் தெரியும். காலமெல்லாம் கண்ணாடியைப் பார்த்தே தொழில் செய்தவனுக்கு இது உறைக்காமல் போய்விட்டது. அப்படியென்றால் மகன் சொன்ன வலப்பக்கம் கண்ணாடியில் இடப்பக்கமாகிவிடும், லாரி டிரைவர் சொன்னது உண்மை. அவர் வீட்டில் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தப்பு என்று தெரிந்த பிறகு திருத்திக்கொள்ளாமல் இருக்கலாமா? கண்ணாடியில் இடப்பக்கம் பார்த்தவர்கள்தான் பொய்யர்கள். அப்படிப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் எனக்கு வீடு தெரிந்தவன் ஒருவன்தான்.

உட்காருங்கள், இனி ஓடிப் பயனில்லை. நான் கடைக்குத் திரும்பி வந்தபோது என்னைப் பிடித்தீர்கள். எங்கே போய்விட்டு வந்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

மைத்துனன் வீட்டுக்குப் பின்னால் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். "மாமா, சட்டையெல்லாம் என்ன இது?" என்று பதறிப்போய் வந்தான். இந்தத் தடவை கண்ணாடி எதுவும் குறுக்கே இல்லை. முகத்துக்கு முகம் நின்று அதே கேள்வியைக் கேட்டேன். "நான் எப்படி மாமா அங்க இருப்பேன்? அன்னிக்கு முழுக்க அக்காகூட ஆஸ்பத்திரியிலதான இருந்தேன்?" என்றான். கண் மேலே போனது. என் வலப்பக்கம்.

இளவட்டம், லேசில் விடவில்லை. கையில் இந்தக் கட்டு அவன் கடித்ததற்குத்தான். கழுத்து கிடைக்காமல் முகத்திலும் தோளிலும் இழுக்க வேண்டியிருந்தது. அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வேனுக்குள் பின்பக்கம் படுக்க வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

கண்ணை வைத்துப் பொய் கண்டுபிடிக்க முடியாது, அதெல்லாம் சினிமாக்காரர்கள் விட்ட கதை என்கிறீர்கள். என் மகன் சொன்னது ஐயா அது. அவன் என்னிடம் விட்டுவிட்டுப் போனதே அந்தப் பேச்சுகள்தான். அதையும் பொய் என்று சொல்லிவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

மைத்துனன் ஆஸ்பத்திரியில் இருந்தானா என்று விசாரித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இருந்தான். வேன் ரிப்பேரில் கிடந்ததால், அன்று காலையில் அவனையும் என் மனைவியையும் ஆட்டோ பிடித்து ஏற்றி அனுப்பியதே நான்தான்.