மரக்கறிக் கடைக்கு ஒரு பெட்டிசம்

எங்கள் இனத்திலிருந்து பெட்டிசம் என்ற வியாதியை ஒழிக்கப் போகிறவன் நான்தான். பகிடிக்குச் சொல்லவில்லை. வாக்குமூலத்தின் முதல் வரியாகவே இதைப் பதிந்துகொள்ளுங்கள்.

தமிழிலேயே எழுதித் தரலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்று நீங்கள் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. எனக்கு ஆங்கிலம் வராது என்றில்லை. தமிழ்த்திறன் போட்டிகளில் மூன்று கேடயங்கள் வாங்கியிருக்கிறேன். அவை வீட்டில் சும்மா தூசி பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

மொழிபெயர்ப்பவருக்கு ஒரு குறிப்பு. பெட்டிசம் என்பது, பக்கத்து வீட்டுக்காரன் முன்னேறப் போகிறான் என்று மூக்கில் மணந்தவுடன் மேலிடத்துக்குப் போகும் கடிதம். அதில் எழுதியவர் பெயர் இருக்காது. யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு எழுதினார்கள், இங்கே ரொறன்ரோவில் நகரசபைக்கு எழுதுகிறார்கள். ரூஜ் பகுதியில் ஒருவர் பின்வளவில் பலகைத் தளம் போட்டால், அது எத்தனை அங்குலம் உயரம் என்பது அவருடைய மனைவிக்குத் தெரிய முன்னரே நகரசபைக்குத் தெரிந்துவிடும். இதைப் பற்றிக் கல்லூரிப் பத்திரிகையில் ஒரு நையாண்டிக் கட்டுரை எழுதினேன். பதினொரு பேர் வாசித்தார்கள். பன்னிரண்டாவது ஆள் ஆசிரியருக்குப் பெட்டிசம் போட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பஸ்ரியன் அண்ணையின் லைசன்ஸ் விண்ணப்பம் உங்கள் மேசையில் கிடக்கிறது. அதில் இல்லாததை நான் சொல்கிறேன். அவர் பத்தொன்பது வருடம் ஒரு தொழிற்சாலையில் கதவு செய்தவர். போன வருடம் தொழிற்சாலை தன்னுடைய கதவைச் சாத்திக்கொண்டது. கைக்கு வந்ததையும் வீட்டின் மேல் எடுத்த கடனையும் சேர்த்து, மோர்னிங்சைட்டில் ஒரு பிளாசாவில், உடுப்புத் தோய்க்கும் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் ஓர் இடம் எடுத்தார். சட்டப்படி லைசன்ஸ் எடுத்துக் கஞ்சாக் கடை போடுவதற்கு. அந்தச் சொல் அவர் வாயில் வராது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்வரிசையில் நின்று பாட்டுப் படிக்கிற மனிதர். "மரக்கறிக் கடை" என்றுதான் சொல்வார்.

நான் பராலீகல் என்கிற சட்ட உதவியாளர் படிப்பில் இரண்டாம் வருடம். அவருடைய மனைவி ஸ்டெபனி அக்காவும் என் அம்மாவும் ஒரே பல் வைத்தியசாலையில் வேலை. அப்படித்தான் என்னைப் பிடித்தார்கள். முதல் நாளே அண்ணை சொன்னார்:

"எல்லாத்தையும் இதிலதான் போட்டிருக்கிறன் தம்பி. லைசன்ஸ் கிடைக்காட்டி வீடும் இல்லை. பிழைக்காமப் பார்."

நான் பிழைக்காமல் பார்த்தேன். மாகாணத்தின் சட்டத்தையும் அதற்குக் கீழே வந்த விதிகளையும் அடிக்குறிப்பு வரை வாசித்தேன். ரொறன்ரோத் தமிழர்களில் அதை முழுதாக வாசித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். கடையைத் திறக்கிறவர் நாணயமானவராக இருக்க வேண்டும். பத்தொன்பது வயதுக்குக் கீழே ஒருவரும் உள்ளே வரக்கூடாது. சரக்கு வெளியே தெரியக்கூடாது. பாடசாலை நூற்றைம்பது மீற்றருக்குள் இருக்கக்கூடாது. இந்தக் கடைசி விதிக்காக நாங்கள் இருவரும் ஒரு சனிக்கிழமை அளவு நாடாவோடு போனோம். நூற்று அறுபத்திரண்டு மீற்றர் வந்தது. கதவு செய்தவருக்கு அளவு பிழைக்காது. அப்படியும் மூன்று தரம் அளந்தார்.

அவர்களுடைய குசினி மேசைதான் என் அலுவலகம். ஒருநாள் அண்ணைக்கு ஒரு யோசனை வந்தது.

"பக்கத்தில கொஞ்சம் மட்டன் ரோல்ஸும் வச்சா என்ன? உதைப் பத்தினாப் பசிக்குமாமே."

சாப்பாட்டுச் சாமான் வைக்க விதியில் இடமில்லை என்று விளக்கினேன். அப்போது சட்டத்தில் அடிக்கடி வரும் ஒரு சொல்லைப் பாவித்தேன்: நொட்வித்ஸ்ராண்டிங். என்ன இருந்தாலும், எது எப்படியானாலும் என்று பொருள். அடுப்படியில் நின்ற ஸ்டெபனி அக்கா திரும்பிப் பார்த்தார்.

"உதென்ன தம்பி, வருத்தமோ? மருந்து இருக்கோ?"

மூவரும் சிரித்தோம். நல்ல குடும்பம். இதையும் பதிந்துகொள்ளுங்கள்.

பிறகு அறிவித்தல் ஒட்டும் நாள் வந்தது. கடைக் கண்ணாடியில் பதினைந்து நாள் அது நிற்கும், அயலில் உள்ளவர்கள் ஆட்சேபம் இருந்தால் உங்களுக்கு எழுதலாம். சட்டமே பெட்டிசத்துக்குப் பாய் விரித்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. எங்கள் சனத்தை எனக்குத் தெரியும். மூட்டை மூட்டையாக வரும் என்று அண்ணையை எச்சரித்தேன். வருவதற்கு முன்னாலேயே இருபத்துநான்கு பதில்கள் எழுதி வைத்தேன். ஒழுக்கத்துக்கு ஆறு, பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு எட்டு, கார் விட இடமில்லை என்பதற்குப் பத்து. சில பதில்கள் மிகவும் அழகாக வந்திருந்தன.

ஒன்றும் வரவில்லை.

அயலில் இருக்கும் மங்கையற்கரசி அன்ரி வந்து அறிவித்தலைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தபோது, சரி, தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். அவர் கேட்டதெல்லாம் முழங்கால் நோவுக்கு எண்ணெய் இருக்குமா, வயது போனவர்களுக்கு விலைக்கழிவு உண்டா என்பதுதான். சாப்பாட்டுக் கடைக்காரர் இடியப்பம் அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். ஓர் ஆட்சேபமும் இல்லை என்றார்கள். இருபத்துநான்கு பதில்களையும் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

அன்று பின்னேரம் நானும் கடையில் நிற்க, பிளாசாவின் சொந்தக்காரர் குலசிங்கம் வந்தார். சட்ட வேலையெல்லாம் யார் பார்க்கிறது என்று கேட்டார். அண்ணை ஏணியில் நின்றபடி சொன்னார்: "ஒரு பெடியன் வந்து போம் நிரப்பித் தாறான்."

பிறகு இறங்கி வந்து எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார். இதில் எனக்கு மனவருத்தம் எதுவும் இல்லை. விண்ணப்பப் போம் நிரப்புவதும் சட்டத்தின் ஒரு பகுதிதான். நான் எழுதியதற்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக உங்கள் குறிப்பில் போட்டிருந்தால் வெட்டிவிடுங்கள்.

நான் எழுதியது பொதுநலத்துக்காக. சட்டம் ஒரு சமூகத்தைப் பார்த்து மரியாதையாகக் கேள்வி கேட்கிறது. பதினைந்து நாளும் அந்தச் சமூகம் வாயைத் திறக்கவில்லையென்றால் நாளைக்கு எங்களை யார் மதிப்பார்கள்? யாராவது ஒருவர் எழுதத்தான் வேண்டும். அது பெட்டிசமும் அல்ல. பெட்டிசத்தில் பெயர் இருக்காது என்று மேலே சொன்னேன். நான் பெயர் போட்டேன்.

ஸ்டெபனி அக்காவின் பெயரைப் போட்டேன்.

இதற்கும் காரணம் இருக்கிறது. தெருவில் போகிறவன் எழுதினால் நீங்கள் கோப்பில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீர்கள். மனைவி எழுதினால் நிமிர்ந்து உட்காருவீர்கள். சாட்சியத்தின் எடை என்று எங்களுக்கு ஒரு பாடமே இருக்கிறது, அதில் நான்தான் வகுப்பில் முதல். கணவர் பின்கதவால் விற்கத் திட்டமிடுகிறார் என்றும், மகளோடு பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் இப்போதே வீட்டுக்கு வந்து வாங்கிப் போகிறார்கள் என்றும், தட்டிக்கேட்டால் கை நீட்டுகிறார் என்றும் எழுதினேன். தொலைபேசியில் கூப்பிட வேண்டாம், எடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்றும் சேர்த்தேன். அந்த வரி இல்லாவிட்டால் நீங்கள் கூப்பிட்டுக் கேட்டிருப்பீர்கள், உண்மை வந்திருக்கும், என் உழைப்பு வீணாகியிருக்கும். ஒன்றரைப் பக்கம். நல்ல கடிதம் என்பதை நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள். லைசன்ஸை மறுக்க உத்தேசித்திருப்பதாக அறிவித்தல் அனுப்பினீர்கள்தானே.

அந்த அறிவித்தலோடு கடிதத்தின் பிரதியும் போயிருந்தது. அண்ணை அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கோப்பிக் கடையில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். அவர் ஜக்கெற்றைக் கழற்றவில்லை.

"வாசிச்சுச் சொல்லு தம்பி. தான் எழுதேல்லை எண்டு அவ சத்தியம் பண்ணுறா. மகள் என்னைப் பார்க்கிறாளில்லை."

நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். இரண்டாவது பந்தியில் ஆங்கிலம் கொஞ்சம் தட்டையாக இருந்தது, தமிழில் அதைச் சீராக்கினேன். கை நீட்டுகிற இடம் வந்ததும் அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"அவவுக்கு உப்பிடி இங்கிலிஸ் வராதே தம்பி."

"சட்டம் தெரிஞ்ச ஆரோ எழுதின மாதிரித்தான் கிடக்கு, அண்ணை."

"அப்ப ஆரிட்டையோ குடுத்து எழுதுவிச்சிருக்கிறா."

நான் கடிதத்தை மடித்து அவரிடம் நீட்டினேன்.

"நீ படிச்சனி," என்றார் அவர். "நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

கவனியுங்கள், அந்த மேசையில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சட்டம் தெரிந்த ஒருவன்தான் எழுதினான். மிச்சத்தை அவரே கட்டிக்கொண்டார். அன்று இரவே தச்சு ஆயுதப்பெட்டியையும் இரண்டு பை உடுப்பையும் எடுத்துக்கொண்டு, தொழிற்சாலையில் கூட வேலை செய்த கிளிபோட்டின் பேஸ்மென்றுக்குப் போய்விட்டார். பதினேழு வருடக் கலியாணம். இப்படி ஆகுமென்று நான் கணக்கில் எடுக்கவில்லை. அது குடும்பச் சட்டம், எங்களுக்கு அடுத்த தவணைப் பாடத்தில்தான் வருகிறது.

ஸ்டெபனி அக்கா அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் மூன்று நாள் அந்தக் கடிதத்தையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நொட்வித்ஸ்ராண்டிங் நாலு இடத்தில் வருகிறது. அந்தச் சொல்லை அவருடைய வீட்டில் வாயால் சொன்னவன் ஒருத்தன்தான். கடிதத்தைக் கொண்டு நேரே உங்களிடம் வந்தார், நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். கூப்பிடாவிட்டாலும் நான் வந்திருப்பேன். தேதி மட்டும்தான் முடிவாகாமல் இருந்தது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். கடிதத்தை எழுதியவன் நான், பிரவீனன். அதில் ஒரு வரியும் உண்மையில்லை. பஸ்ரியன் அண்ணை ஒருவருக்கும் கை நீட்டியவர் அல்ல, ஒரு பிள்ளைக்கும் எதுவும் விற்றவர் அல்ல. விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பார்த்து லைசன்ஸ் கொடுக்கும்படி தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாக்குமூலத்தின் நோக்கம் அது ஒன்றுதான். என்னுடைய மனம் இப்போது வெகு லேசாக இருக்கிறது.

இந்தத் தாளில் இன்னும் கொஞ்சம் இடம் இருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பித்தவரின் வீட்டு விலாசம் மாறினால் தாமதிக்காமல் உங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர் கிளிபோட்டிடம் போய் ஆறு கிழமையாகிறது. போமில் இன்னும் பழைய விலாசம்தான் நிற்கிறது. அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் தெரியாமல் செய்தது ஒரு சாட்டாகாது என்று எங்களுக்கு முதல் தவணையிலேயே படிப்பித்துவிட்டார்கள். கிளிபோட்டின் வீடு ரூஜில், பக்கக் கதவு, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி இடது கைப்பக்கம். காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் ஆள் நிற்பார். விசாரிக்கப் போகிறவர்கள், சும்மா இந்தப் பக்கம் வந்தோம் என்று சொன்னால் போதும்.