தீவை விசாரித்தவர்

— சீட் பெல்ட்டைக் கழட்டுங்கோ எண்டு, கார் நிண்டு பத்து நிமிசமாச் சொல்லுறன்.

— பொறும் பேர்ணடெற். விட்பி வரைக்கும் வந்தாச்சு. இன்னும் அஞ்சு நிமிசத்திலை என்ன குடி முழுகிப்போகும்?

— அங்க பாருங்கோ, எங்கட மகள் ஸ்டெபனி ஜன்னல் கேட்டினை விலத்தி விலத்திப் பாக்கிறாள். மாப்பிள்ளையின்ர தாய் தகப்பன் சாப்பாட்டைச் சூடாக்கி வைச்சுக்கொண்டு இருக்கினம்.

— மாப்பிள்ளையோ? நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை.

— என்ர மாதாவே! அதைச் சொல்லத்தானே வந்தனாங்கள்.

— கேளும். எங்கட ஆக்களெண்டால் மன்னாரிலை பேசாலைக்கு ஒரு கோல் போட்டால் ஏழு தலைமுறையும் வந்து விழும். இந்தக் கனடாவிலை, ஸ்டெபனி விரும்பின இவன் எவன்ட்ரோவின்ர ஆக்களை ஆரிட்டை விசாரிக்கிறது? என்ர கிளடிஸ் அக்கா பிக்கரிங்கிலை இருந்து காலமை தொட்டு மூண்டு தரம் எடுத்திட்டா, இடம் எப்பிடி எண்டு. அதுதான் ஆக்களை விட்டிட்டுத் தீவை விசாரிச்சனான்.

— தீவையோ?

— ஓம். அவன்ர ஆக்களின்ர கேப் வேர்ட். ஆபிரிக்காவுக்கு மேற்கை, நடுக்கடலிலை பத்துத் தீவு. ஒண்டிலை எரிமலை. ஒண்டுக்குப் பேரே உப்பு. மழை வருசக்கணக்கா ஏமாத்துமாம். எங்க பாத்தாலும் கழுதை.

— காத்து மண்ணை அள்ளிக் கண்ணுக்குள்ள கொட்டுமோ?

— கொட்டுமாம். ஏன் சிரிக்கிறீர்?

— மன்னாரை அப்பிடியே சொல்லிப்போட்டு ஏன் சிரிக்கிறீர் எண்டு கேக்கிறியள்.

— ரெண்டும் ஒண்டில்லை, கேளும். போத்துக்கீசர் வரேக்க மன்னாரிலை சனம் இருந்தது. அங்க ஒரு குஞ்சு குருமானும் இல்லை, வெறுந்தீவு. இவங்கள் இறங்கி, ஆபிரிக்கக் கரையிலை இருந்து சனத்தைச் சங்கிலி போட்டுக் கொண்டுவந்து இருத்தினவங்கள். எந்த ஊர், ஆர் தாய் எண்டு ஆரும் எழுதி வைக்கேல்லை. எழுபத்தஞ்சிலைதான் விடுதலை.

— உங்கட பேருக்குப் பின்னால நிக்கிற குரூஸும் அந்தக் கப்பல்காரர் தந்ததுதான்.

— பேர் தந்தவங்கள், தாய் தகப்பனை மறக்கடிக்கேல்லை. ராத்திரி ரெண்டு தரம் வாசிச்சனான், பேர்ணடெற். பாவம் அதுகள். ஆனா கலியாணம் வேற. மூலம் தெரியாத சனம்.

— மூலம் தெரியாத ஒருத்தி இருவத்தெட்டு வருசமா உங்களுக்குப் பக்கத்திலை இருக்கிறாள்.

— ஐயோ, நான் உம்மைச் சொல்லேல்லை.

— கோயில் வாசலிலை துணி சுத்திக் கிடந்த பிள்ளை நான். என்னை வளர்த்த கன்னியர் மடத்துக்கு வந்து ஆரும் விசாரிக்கேல்லை எண்டு அண்டைக்கு எவ்வளவு சந்தோசப்பட்டனான் தெரியுமோ? விசாரிச்சிருந்தால் உங்கட அக்கா விட்டிருப்பாவோ?

— விசாரிச்சது.

— ஆர்?

— நான்தான். அக்கா கனடாவிலை இருந்து போன் எடுத்து, போய் விசாரி எண்டவ. மாப்பிள்ளையே பொம்பிளையை விசாரிக்கப் போனது ஊரிலை நான் ஒருத்தன்தான். மடத்து மதர் ஒண்டும் ஒளிக்கேல்லை. "தாய் தகப்பன் ஆரெண்டு எங்களுக்கே தெரியாது தம்பி" எண்டா.

— விசாரிச்சதை இவ்வளவு காலமும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லேல்லை... அக்கா இண்டைக்கும் நான் மடத்திலை போர்டிங்கிலை நிண்டு படிச்சனான் எண்டுதானே நினைச்சுக்கொண்டிருக்கிறா?

— ஓம்.

— பிறகேன் எவன்ட்ரோவுக்கு மட்டும் இந்த விசாரணை?

— அண்டைக்கு என்ர கலியாணம், துணிஞ்சிட்டன். இண்டைக்கு என்ர பிள்ளை. பயமாக் கிடக்குது, பேர்ணடெற்.

— அண்டைக்கு அக்காவுக்கு என்ன சொன்னனீங்கள்?

— பொறும், அக்காதான் எடுக்கிறா. அண்டைக்குச் சொன்னதைத்தான் இப்பவும் சொல்லப்போறன், கேட்டுக்கொண்டிரும். பெல்ட்டையும் கழட்டிவிடும்.

— கையைத் தாங்கோ. கதையுங்கோ.

— ஹலோ அக்கா... ஓம், நேரிலையே வந்து விசாரிச்சிட்டன். நல்ல இடம். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.