குருவியின் காதில் சொன்னது

குழந்தைகளுக்கு என்னைப் பிடிக்கும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, என் வேலை அப்படி. சேர்க்கைக்கு முன் பிள்ளையின் மூளைத்திறனைச் சோதித்து வரும்படி தனியார் பள்ளிகள் சொல்கின்றன. அந்தச் சோதனை நடக்கும் இடத்தில் நான் உதவியாளர். அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தி, மூக்கைத் துடைத்து டாக்டரம்மாவின் அறைக்கு அனுப்புவேன். அவர் மரக்கட்டைகளை அடுக்கச் சொல்வார், படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்.

போன வருடம் என் மகனும் அங்கே உட்கார்ந்தான். கட்டைகளை அடுக்காமல் உருட்டி விளையாடினான். பள்ளியில் இடமில்லை என்றார்கள். அன்றைக்கே தங்கை வீட்டுக்கு வந்தாள்.

"விடுக்கா. எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரியா இருக்கும்? இவனுக்கு வேற ஏதாவது வரும்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். அவள் மகள் அவள் மடியில் உட்கார்ந்து எங்கள் காலண்டரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். வாய் ஓயாத பிள்ளை. குருவி என்று பெயர் வைத்ததே நான்தான்.

சின்ன வயதிலிருந்தே தங்கைக்கு எல்லாம் ஒரு பிடி கூடுதலாக அமைந்துவிடும். உயரம், படிப்பு, அனுசரணையான கணவர். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொண்டதில்லை.

இந்த வருடம் குருவியைச் சோதனைக்கு அழைத்து வந்தாள். "நீ இருக்கிறப்போ எனக்கென்னக்கா பயம்" என்று குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு வண்டியை நிறுத்தப் போனாள்.

நான் குழந்தையின் காதில் ஏதோ சொல்வது எங்கள் வரவேற்பறைக் கேமராவில் தெரிகிறது என்கிறீர்கள், சார். சொன்னேன். ஒரு விளையாட்டு. "பெரியம்மா சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் பேசக் கூடாது, சரியா?"

"பேசினா என்ன ஆகும்?" என்று கேட்டாள். கெட்டிக்காரி. அதற்கும் பதில் சொன்னேன்.

உள்ளே எந்தக் கேள்விக்கும் அவள் வாய் திறக்கவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து, "வீட்ல நல்லாப் பேசுவாளா?" என்று கேட்டபோது தங்கை சிரித்தாள். "இவ வாய மூட வைக்கிறதுதான் டாக்டர் பெரும்பாடு."

வீட்டுக்குப் போன பிறகும் குருவி பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. பள்ளி கைவிரித்தது. அதை எதிர்பார்த்தேன். மற்றதை எதிர்பார்க்கவில்லை. பேச்சுப் பயிற்சி, தலையில் ஒயர் ஒட்டி எடுக்கிற பரிசோதனை, பகலிலேயே தூங்க வைக்கிற மாத்திரை. அனுசரணையான கணவர் இப்போது, "உன் வளர்ப்புதான்" என்று அவளைக் குத்துகிறாராம்.

தினமும் சாயங்காலம் தங்கை என் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். என் தோளில் சாய்ந்து அழுகிறாள். என் மகன் ஏதாவது உளறினால்கூட, "என்ன அழகாப் பேசறான்க்கா இவன்" என்கிறாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை.

குழந்தைக்கு என்ன பதில் சொன்னேன் என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? "பேசினா உங்க அம்மா செத்துப் போயிடுவா" என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

விளையாட்டு முடிந்தது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேசிவிடுவாள். சொல்லக் கூடாது என்றில்லை. தங்கை இப்போதுதான் என்னிடம் ஒட்டுதலாக இருக்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே என்று பார்த்தேன்.